தாமான்: பாய்ப்படகின் கடிவாளம்

கிணற்றில் நீர் இறைத்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். கப்பியின் மேல் ஓடும் கயிற்றைக் கீழே இழுக்கிறோம். வாளி மேலே வருகிறது. இழுப்பதற்கு வசதியாக இருக்கிறதே தவிர, வாளியின் எடை முழுவதையும் நம் கைதான் தாங்குகிறது. ஒற்றை நிலைக்கப்பி விசையின் திசையை மாற்றுமே அன்றி அளவைக் குறைக்காது என்று படித்திருக்கிறீர்கள். அடுத்த பக்கத்தில் இரண்டு மூன்று கப்பிகளைக் கோத்த படம் ஒன்று வரும். இயந்திர லாபம் இரண்டு, மூன்று, நான்கு என்று கணக்குப் போட்டுவிட்டு வேறு பாடத்துக்குப் போய்விடுவோம். அந்தப் படத்தில் உள்ளது போன்ற கயிற்றை யாராவது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இழுக்கிறார்களா என்று நாம் கேட்பதில்லை.

இழுக்கிறார்கள். ஒரே ஆள் செலுத்தும் சிறு பாய்ப்படகு ஒன்றை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுபவரின் ஒரு கையில் சுக்கானின் பிடி, மறு கையில் ஒரு கயிறு. படகில் மோட்டார் இல்லை, பிரேக்கும் இல்லை. திடீரென்று காற்று பலத்தால் படகு ஒரு பக்கமாகச் சாய்கிறது. ஓரிரு வினாடிக்குள் அந்தக் கயிறு தளர்ந்தால் படகு நிமிரும், தளராவிட்டால் கவிழும். நம் கடலோரத்துப் பாய்த்தோணிக்காரர்கள் பாயை இழுத்துப் பிடிக்கும் இந்தக் கயிற்றைத் ‘தாமான்’ என்பார்கள். ஆங்கிலத்தில் இதற்கு ‘ஷீட்’ என்று பெயர். காகிதத் தாளோ படுக்கை விரிப்போ என்று குழம்ப வேண்டாம். ஷீட் என்பது கயிறுதான். பிரதானப் பாயை ஆளுகிற கயிறு என்பதால் ‘மெயின்ஷீட்’.

இந்தக் கயிற்றை எந்தெந்தக் கப்பிகள் வழியாக, எப்படிக் கோக்க வேண்டும்? பிடிப்பதற்கு எளிதாகவும் இருக்க வேண்டும், விடுவதற்கு எளிதாகவும் இருக்க வேண்டும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

ஒரு படகை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கனடியரான புரூஸ் கிர்பி வரைந்து, 1970ஆம் ஆண்டையொட்டி வெளிவந்த ‘லேசர்’ என்னும் படகு அது. நீளம் ஏறத்தாழ 4.2 மீட்டர். பாய்மரம் முதலியவை இல்லாமல் உடல் மட்டும் 59 கிலோகிராம். இரண்டு பேர் தூக்கிவிடலாம். பாய் ஒன்றே ஒன்று, பரப்பு 7.06 சதுர மீட்டர். சற்றுச் சிறிய பாய் வேண்டுவோருக்கு அதே உடலில் 5.76 சதுர மீட்டர் பாயும் உண்டு. 1996 முதல் ஒலிம்பிக் போட்டியில் இடம்பெற்ற இப்படகுக்கு 2019இல் ‘இல்கா’ என்று பெயர் மாற்றினார்கள். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும், 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் செலுத்தியது இந்தச் சிறிய பாய் கட்டிய படகைத்தான். பெரிய பாயில் அதே இரு போட்டிகளிலும் விஷ்ணு சரவணன் கலந்துகொண்டார்.

கயிறு என்ன வேலை செய்கிறது?

பாய்மரத்திலிருந்து பின்நோக்கி ஒரு கிடைக்கம்பம் நீண்டிருக்கும். பாயின் அடிப்பக்கம் இக்கம்பத்தோடு ஒட்டி நிற்கும். கம்பத்தின் முன்நுனி, கதவின் கீல் போலப் பாய்மரத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. காற்று அந்தக் ‘கதவை’ வெளியே தள்ளும். தாமான் அதை உள்ளே இழுத்து நிறுத்தும். முதன்முதலில் பார்ப்பவர்கள் இவ்வளவுதான் வேலை என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

உண்மையில் பாயை நன்றாக உள்ளிழுத்த நிலையில், கயிறு கம்பத்தை உள்ளே இழுப்பதைவிடக் கீழே இழுப்பதுதான் அதிகம். ஏன் கீழே இழுக்க வேண்டும்? வீட்டில் துணி காயப்போடும் கொடியைப் பாருங்கள். ஈரத்துணிகளைப் போட்டவுடன் கொடி நடுவில் தொய்கிறது. தொய்வைக் குறைக்க வேண்டுமானால் கொடியை இழுத்துக் கட்ட வேண்டும். தொய்வைப் பாதியாக்க வேண்டுமானால் இழுவிசையை இரண்டு மடங்காக்க வேண்டும். பாயின் பின்விளிம்பும் இப்படி ஒரு கொடிதான். செங்குத்தாக நிற்கும் கொடி. மேல்நுனி பாய்மரத்தின் உச்சியில், கீழ்நுனி கம்பத்தின் பின்நுனியில். ஈரத்துணிக்குப் பதில் காற்று அதன்மேல் பளுவேற்றுகிறது.

ஒரு கணக்குப் பார்க்கலாம். காற்று வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வீசுகிறது என்று கொள்வோம். காற்றின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கி, அதைப் பாயின் பரப்பாலும், பாயின் வடிவத்தைப் பொறுத்த ஒரு குணகத்தாலும் பெருக்கினால் விசை கிடைக்கும். அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம், குணகம் 1.2 என்று வைத்துக்கொண்டால், விசை ஏறக்குறைய 183 நியூட்டன். இதில் மூன்றில் ஒரு பங்கைப் பின்விளிம்பு தாங்குவதாகவும், அது 5.5 மீட்டர் நீளமுள்ளதாகவும், நடுவில் 20 செ.மீ. தொய்வதாகவும் கொள்வோம். பளுவை நீளத்தால் பெருக்கி, தொய்வின் எட்டு மடங்கால் வகுத்தால் கொடியின் இழுவிசை வந்துவிடும்: சுமார் 200 நியூட்டன். பாயின் மேல் காற்று தரும் மொத்த விசையைவிட இது அதிகம்! பாயை இன்னும் தட்டையாக்கித் தொய்வை 10 செ.மீ. ஆக்கினால் 400 நியூட்டன். அதாவது, 40 கிலோகிராம் எடையைக் கம்பத்தின் நுனியில் தொங்கவிட்டது போல.

இவ்வளவு சிரமப்பட்டு எதற்குத் தட்டையாக்க வேண்டும் என்று கேட்பீர்கள். பின்விளிம்பு தொய்ந்தால் பாயின் மேற்பகுதி காற்றோடு திரும்பிக்கொள்ளும். கீழ்ப்பகுதி மட்டுமே வேலை செய்யும். முறுக்கிய ஓலை போலப் பாய் மேலே ஒரு திசையும் கீழே ஒரு திசையுமாக நிற்கும். கொஞ்சம் முறுக்கு தேவைதான். தண்ணீர்ப் பரப்பை ஒட்டி வீசும் காற்று உராய்வினால் வேகம் குறைந்தும், மேலே வேகம் மிகுந்தும் இருப்பதால், ஓடும் படகில் அது மேலேயும் கீழேயும் சற்றே வெவ்வேறு திசையிலிருந்து வருவது போல் அமைகிறது. எவ்வளவு முறுக்கு என்பதைத் தீர்மானிப்பது ஓட்டுபவரின் கை. அந்தக் கைக்கு உதவத்தான் கப்பிகள்.

கயிற்றின் பாதை

லேசர் படகில் தாமான் போகும் வழியைச் சொல்கிறேன். ஒரு தாளில் வரைந்துகொண்டே படித்தால் நல்லது.

கம்பத்தின் பின்நுனியில் ஒரு கப்பி தொங்குகிறது. இதை நுனிக்கப்பி என்போம். கயிற்றின் ஒரு முனையை இந்தக் கப்பியின் அடியிலுள்ள வளையத்தில் கட்டிவிட வேண்டும். அங்கிருந்து கயிறு கீழே இறங்குகிறது. படகின் பின்பலகையை ஒட்டி, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஒரு குறுக்குக்கயிறு கட்டப்பட்டிருக்கிறது. அதன்மேல் இடமும் வலமுமாக நகரக்கூடிய இரட்டைக் கப்பி ஒன்று உண்டு. கீழ்க்கப்பி குறுக்குக்கயிற்றின்மேல் ஓடும். மேற்கப்பியில் நம் தாமான் நுழைந்து திரும்பி மேலே போகும். இதை ஓடுகப்பி என்று வைத்துக்கொள்வோம். மேலே போன கயிறு நுனிக்கப்பியில் நுழைந்து, கம்பத்தின் அடியோடு முன்னோக்கிச் செல்கிறது. வழியில் அது தொங்கி ஓட்டுபவரின் கழுத்தில் மாட்டாமல் இருக்க ஒரு சிறு வளையம் அதைத் தாங்குகிறது. கம்பத்தின் நடுப்பகுதியில் இன்னொரு கப்பி, இது நடுக்கப்பி. அதிலிருந்து கயிறு நேராகக் கீழே, ஓட்டுபவரின் முன்னால் தளத்தில் பொருத்திய கப்பிக்கு வந்து, அங்கிருந்து கைக்கு வருகிறது.

இதற்கு இயந்திர லாபம் எவ்வளவு? கம்பத்தைக் கீழே இழுக்கும் கயிறுகளை எண்ணுங்கள். நுனியில் இரண்டு, நடுவில் ஒன்று, ஆக மூன்று. கடையில் கேட்டாலும் ‘மூன்றுக்கு ஒன்று’ என்றுதான் சொல்வார்கள். தேர்வில் அப்படி எழுதினால் நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன். கம்பம் ஒரு நெம்புகோல் அல்லவா? அதன் சுழற்சி மையம் பாய்மரத்தில் இருக்கிறது. நுனியில் இழுக்கும் கயிற்றுக்கு முழு நீளத் திருப்புத்திறன். நடுவில் இழுக்கும் கயிற்றுக்குப் பாதி. ஆகவே பின்நுனியை இழுப்பதில் இரண்டும் அரையும் சேர்ந்து இரண்டரை மடங்குதான் கிடைக்கும்.

இதே விடையை வேறு வழியிலும் பெறலாம். கம்பத்தின் நுனி ஒரு மீட்டர் இறங்கினால், அங்குள்ள இரண்டு கயிறுகளும் ஒவ்வொரு மீட்டர் குறையும். நடுப்பகுதி அரை மீட்டர்தான் இறங்கும். கைக்கு வந்து சேரும் கயிறு இரண்டரை மீட்டர். விசையில் இரண்டரை மடங்கு லாபம், தூரத்தில் இரண்டரை மடங்கு நட்டம். ஆற்றல் அழிவின்மை விதி கணக்குப் புத்தகத்தைச் சரியாக வைத்திருக்கிறது.

அப்படியானால் மேலே சொன்ன 200 நியூட்டன் இழுவிசைக்குக் கை தரவேண்டியது 80 நியூட்டன்தான். பரவாயில்லை. ஆனால் காற்று வினாடிக்கு 10 மீட்டர் ஆனால்? வேகத்தின் இருமடிப்படி விசை கிட்டத்தட்ட 2.8 மடங்காகிவிடும். கை 220 நியூட்டனுக்கு மேல் இழுக்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீரைவிட அதிகமான எடையை ஒற்றைக் கையில் ஒரு மணி நேரம் பிடித்திருப்பது போல. அது நடக்காது. இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அதைச் சொல்வதற்கு முன் உராய்வைப் பற்றிப் பேச வேண்டும்.

உராய்வு தின்றது எவ்வளவு?

கப்பியை அற்பப் பொருளாக நினைத்துவிடாதீர்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன் 74 பீரங்கிகள் கொண்ட ஒரு போர்க்கப்பலுக்கு ஆயிரத்தை ஒட்டிய எண்ணிக்கையில் கப்பிகள் தேவைப்பட்டன. பிரிட்டிஷ் கடற்படைக்குத் தேவையான அத்தனையையும் கையால் செதுக்கி மாளாது என்று, போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் மார்க் பிரூனெல் என்பவர் கப்பி செய்யும் இயந்திரங்களை வகுத்தார். ஹென்றி மாட்ஸ்லே அவற்றை உருவாக்கிக் கொடுத்தார். 1808இல் அங்கே ஓராண்டுக்கு 1,30,000 கப்பிகள் செய்தார்கள். ஒரே மாதிரியான பொருளை இயந்திரங்களால் பெருமளவில் உற்பத்தி செய்த முதல் தொழிற்கூடங்களில் அது ஒன்று. அந்தக் காலத்தில் மரச்சக்கரம் உலோக அச்சின்மேல் உரசிச் சுழன்றது. இன்று நல்ல கப்பிகளில் சைக்கிள் சக்கரத்தில் இருப்பது போலக் குண்டுகள் உருளுகின்றன.

குண்டு உள்ள கப்பிக்கும் இல்லாத கப்பிக்கும் விலை வேறுபாடு அதிகம். அதனால் என்ன பயன் என்று எண்களாலேயே பார்த்துவிடுவோம். ஒவ்வொரு கப்பியைத் தாண்டும்போதும் கயிற்றின் இழுவிசையில் நூற்றுக்கு 5 பங்கு உராய்வில் போகிறது என்று கொள்க. கையால் 100 நியூட்டன் இழுத்தால், தளக்கப்பியைத் தாண்டியபின் 95; நடுக்கப்பிக்குப் பின் 90; நுனிக்கப்பிக்குப் பின் 86; ஓடுகப்பிக்குப் பின் 81. கம்பத்தின் நுனிக்குக் கிடைப்பது 95இல் பாதி, அத்தோடு 86, அத்தோடு 81. மொத்தம் சுமார் 215 நியூட்டன். உராய்வே இல்லையென்றால் 250 கிடைத்திருக்கும். போகட்டும்.

இப்போது கப்பிகள் பழையவை, உப்பேறியவை. ஒவ்வொன்றிலும் 15 பங்கு போகிறது என்று கொள்வோம். அதே கணக்கைப் போட்டால் 156 நியூட்டன்தான் மிஞ்சும். இரண்டரை மடங்கு என்று நம்பி வாங்கியது ஒன்றரை மடங்காகிவிட்டது.

இழுப்பதில் மட்டும் நட்டம் என்றால் கொஞ்சம் பலமாக இழுத்துச் சமாளிக்கலாம். பெரிய ஆபத்து மறுபக்கத்தில் இருக்கிறது. காற்று கம்பத்தைத் தள்ளிக் கயிற்றை உங்கள் கையிலிருந்து இழுக்க முயலும்போது உராய்வின் திசை மாறிவிடுகிறது. இப்போது பாய்தான் ஒவ்வொரு கப்பியின் உராய்வையும் வெல்ல வேண்டும். உங்கள் கை அதே 100 நியூட்டனில் பிடித்திருக்கிறது. நல்ல கப்பிகளானால், கம்பத்தின் நுனியில் பாயின் இழுப்பு 292 நியூட்டனைத் தாண்டியதும் கயிறு நகரும். பழைய கப்பிகளானால் 413 நியூட்டன் வரை கயிறு அசையாது.

இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நல்ல கப்பிகளில், பாயின் இழுப்பு 215க்கும் 292க்கும் இடையில் எங்கிருந்தாலும் கைக்குத் தெரிவது 100தான். பழைய கப்பிகளில் 156க்கும் 413க்கும் இடையில் என்ன நடந்தாலும் கைக்குத் தெரியாது. காற்று இரண்டரை மடங்குக்கு மேல் பலத்திருக்கும்; ஓட்டுபவருக்குச் செய்தியே வந்திராது. கடிவாளத்தின் மறுமுனையில் குதிரை மிரண்டுவிட்டது, வண்டிக்காரர் தூங்குகிறார் என்ற கதைதான். குண்டு உள்ள கப்பிக்குக் கொடுக்கும் பணம் இழுப்பதைச் சுலபமாக்குவதற்கல்ல, காற்றின் செய்தி கைக்கு வந்து சேர்வதற்கு என்பது என் கருத்து.

உராய்வை நண்பனாக்குவது

இப்போது அந்த 220 நியூட்டன் பிரச்சினைக்கு வருவோம். உராய்வு இத்தனை கெடுதல் செய்யும் என்று சொல்லிவிட்டு, கையின் பாரத்தைக் குறைப்பதும் உராய்வுதான் என்றால் நம்புவீர்களா?

ஒரு சோதனை செய்யுங்கள். துடைப்பக் கம்பு போன்ற வழுவழுப்பான உருளைக் கம்பு ஒன்றைக் கிடையாகக் கட்டுங்கள். ஒரு கயிற்றின் முனையில் ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைத் தொங்கவிட்டு, கயிற்றைக் கம்பின்மேல் போட்டு மறுமுனையை நேர்கீழாகப் பிடியுங்கள். கயிறு கம்பை அரைச்சுற்றுத் தழுவுகிறது. பாட்டில் நழுவாமல் நிற்க எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதை மறுமுனையில் ஒரு காலிப் பாட்டிலைக் கட்டி, அதில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றிக் கண்டுபிடிக்கலாம். கயிற்றுக்கும் கம்புக்கும் இடையே உராய்வுக் குணகம் 0.22 என்றால் அரை லிட்டரே போதும். இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி மொத்தம் ஒன்றரைச் சுற்று ஆக்குங்கள். அரைச்சுற்றுக்கு 2 மடங்கு. ஒரு சுற்றுக்கு 4. ஒன்றரைச் சுற்றுக்கு 8. சதுரங்கப் பலகையில் நெல்மணி வைத்த கதை போல ஒவ்வொரு அரைச்சுற்றுக்கும் இரட்டிக்கிறது. துறைமுகத்தில் ஒரே ஆள், தூணில் மூன்று சுற்றுச் சுற்றிய வடத்தைப் பிடித்துக்கொண்டு பெரிய படகையே நிறுத்துவது இதனால்தான்.

தளக்கப்பியில் இந்தத் தத்துவத்தைப் புகுத்தியிருக்கிறார்கள். அதன் சக்கரம் சைக்கிளின் பின்சக்கரத்திலுள்ள பிரீவீல் மாதிரி ஒரு திசையில் மட்டும் சுழலும். கயிற்றை உள்ளே இழுக்கும்போது ‘டிக் டிக்’ என்ற ஓசையோடு தாராளமாகச் சுழல்கிறது. கயிறு வெளியே ஓட முயன்றால் சக்கரம் பூட்டிக்கொண்டு நிற்கிறது. கயிறு அதன்மேல் வழுக்கித்தான் போக வேண்டும். சக்கரத்தின் பள்ளம் சொரசொரப்பாகவோ, மூலைகளோடோ இருப்பதால் கயிறு நன்றாகப் பிடிபடுகிறது. இதற்கு ‘ராட்செட்’ கப்பி என்று பெயர். கயிறு கப்பியைத் தழுவும் அளவில் மூன்று மடங்கு லாபம் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், 220 நியூட்டன் சுமார் 75 நியூட்டனாகிவிடும். அது கைக்கு அடக்கம்.

‘பிடிப்பதற்கு உராய்வைக் கூட்டினால் விடுவதற்கும் தடையாகுமே?’ என்று கேட்கத் தோன்றுகிறதா? கேட்க வேண்டிய கேள்விதான். ராட்செட்டில் உராய்வு உங்கள் பிடியைப் பெருக்குகிறது, தானாகப் பிடிப்பதில்லை. மூன்று மடங்கு என்பது கையிலுள்ள விசையின் மூன்று மடங்கு. கையைத் திறந்துவிட்டால்? சுழியத்தின் மூன்று மடங்கு சுழியம்தான். கயிறு ஓடிவிடும்.

இதோடு, கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் இன்னொரு கருவியை ஒப்பிடுங்கள். பல் வைத்த இரண்டு தாடைகளுக்கு நடுவே கயிற்றை அழுத்திவிட்டால் அது கவ்விக்கொள்ளும். இதைக் ‘கிளீட்’ என்பார்கள். வெளியே இழுக்க இழுக்க இறுக்கமாகக் கவ்வும். கையை எடுத்துவிட்டாலும் விடாது. விடுவிக்க வேண்டுமானால் கயிற்றை மேல்நோக்கி வெட்டி இழுக்க வேண்டும். சாய்ந்த படகில், உடல் வெளியே தொங்கிக்கொண்டிருக்கும்போது அந்தக் கோணத்தில் கை போகுமா என்பது சந்தேகம். தாமானுக்குக் கிளீட் பொருத்துபவர்கள் உண்டு. அனுபவசாலிகளுக்கு அது வசதி. புதிதாகக் கற்பவர்களின் படகில் அது வேண்டாம் என்றே சொல்வேன்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? கவிழும் கணக்கைப் பாருங்கள். 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் படகின் விளிம்புக்கு வெளியே உடலைச் சாய்த்து உட்கார்ந்தால், அவருடைய புவியீர்ப்பு மையம் படகின் நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 1.1 மீட்டர் தள்ளியிருக்கும். நிமிர்த்தும் திருப்புத்திறன் சுமார் 650 நியூட்டன் மீட்டர். பாயின் விசை செயல்படும் இடத்துக்கும், தண்ணீருக்குள் நிற்கும் நடுப்பலகையில் எதிர்விசை செயல்படும் இடத்துக்கும் உள்ள உயரம் 2.5 மீட்டர் என்று கொண்டால், அவர் தாங்கக்கூடிய பக்கவாட்டு விசை 260 நியூட்டன். படகின் எடை தரும் சிறு உதவியை நான் சேர்க்கவில்லை. காற்று வினாடிக்கு 6 மீட்டரில் 183, கவலையில்லை. 8 மீட்டர் ஆனால் 325, இப்போதே மிஞ்சிவிட்டது. 10 மீட்டருக்கு 500ஐத் தாண்டிவிடும். 6 மீட்டரிலிருந்து 10 மீட்டருக்குப் போக ஒரு காற்றுச் சுழிப்புப் போதும். எஞ்சிய விசையை வெளியேற்றும் முதன்மையான வழி கயிற்றைத் தளர்த்துவதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன், விடுமுறையில் ஓர் உப்பங்கழியில் இந்தப் படகு ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனேன். கை வலித்தது. மாட்டுக் கயிற்றைப் பிடிப்பது போலத் தாமானைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். இயற்பியல் நடத்துகிறவன் செய்கிற காரியமா அது! சுற்றியவுடன் என் கையே அந்தத் துடைப்பக் கம்பு ஆகிவிட்டது. காற்று வந்தபோது விரல்களை விரித்தேன், கயிறு போகவில்லை. விரல்கள் பிடிக்காவிட்டாலும், சுற்று தன்னைத்தானே இறுக்கிக்கொண்டது. அடுத்து எனக்கு நினைவிருப்பது வாய் நிறைய உப்புத் தண்ணீர். உயிர்காப்பு உடுப்பு அணிந்திருந்ததால் மிதந்தேன். கையில் கயிற்றின் தடம் ஒரு வாரம் இருந்தது. கயிறு கனத்தால் கையுறை போடுங்கள். எக்காரணம் கொண்டும் கையில் சுற்றாதீர்கள்.

பொருத்தும்போது

கரையிலேயே படகை நிறுத்தி, பாய் கட்டும் முன் சில காரியங்களைப் பார்த்துவிட வேண்டும். முதலில் ராட்செட் கப்பியைத் தலைகீழாகக் கோத்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். இது அடிக்கடி நேரும் தவறு. கயிற்றை உள்ளே இழுத்தால் ‘டிக் டிக்’ கேட்க வேண்டும். இழுக்கும்போது இறுகி, விடும்போது ஓசையோடு ஓடினால் கயிறு எதிர்ப்பக்கமாக நுழைந்திருக்கிறது. உருவி மறுபடி கோக்க வேண்டும். கப்பியின் பக்கத்தில் ராட்செட்டை வேலை செய்யவும் நிறுத்தவும் ஒரு சிறு பொத்தான் இருக்கும். மெல்லிய காற்றில் அதை நிறுத்திவிடலாம். இல்லாவிட்டால் பாய்க்குத் தானே வெளியே போகும் அளவு பலம் இருக்காது.

அடுத்தது பின்பலகையிலுள்ள குறுக்குக்கயிறு. இதை இறுக்கமாகக் கட்டுவதில்தான் பாதித் திறமை இருக்கிறது. தளர்ந்திருந்தால், தாமானை இழுத்தவுடன் அது முக்கோணமாக மேலே எழும்பும். ஓடுகப்பி நடுவில் வந்து நின்றுகொண்டு கம்பத்தை உள்ளே இழுக்கும். இறுக்கமாக இருந்தால் ஓடுகப்பி காற்று போகும் பக்கத்து ஓரத்துக்கு நகர்ந்து, கம்பத்தின் நுனிக்கு ஏறக்குறைய நேர்கீழே நின்றுகொள்ளும். அப்போது இழுப்பு முழுவதும் கீழ்நோக்கி அமைகிறது. நமக்கு வேண்டியது அதுதான்.

ஆனால் இறுக்கத்துக்கு விலை உண்டு. மீண்டும் கொடிக் கணக்கே. ஓடுகப்பியைத் தாமான் இருமடங்கு இழுவிசையோடு மேலே இழுக்கிறது. தாமானில் 100 நியூட்டன் என்றால் அங்கே 200. குறுக்குக்கயிறு இருபுறமும் கிடைமட்டத்துக்கு 15 பாகை சாய்வோடு நின்று அதைத் தாங்க வேண்டுமானால், கயிற்றில் 390 நியூட்டன் வரை இழுவிசை வேண்டும். கையால் அவ்வளவு இழுத்துக் கட்ட முடியாது. இதற்குப் படகோட்டிகள் செய்யும் தந்திரத்தை நீங்கள் நெடுஞ்சாலையில் பார்த்திருக்கலாம். லாரியின் மேல் தார்ப்பாய் கட்டுபவர், கயிற்றின் நடுவிலேயே ஒரு கண்ணி போட்டு, முனையைக் கொக்கியில் மாட்டித் திருப்பி அந்தக் கண்ணிக்குள் விட்டு இழுப்பார். கண்ணியே கப்பியாகிவிடுகிறது. குறுக்குக்கயிற்றையும் அப்படித்தான் கட்டுகிறார்கள். உராய்வில் பாதி போனாலும் மீதி போதும். இந்தக் கயிறு ஒருமுறை கட்டினால் கட்டியதுதான் என்பதால் அதற்கு மட்டும் கிளீட் இருப்பதில் தவறில்லை.

தாமான் 6 அல்லது 7 மில்லிமீட்டர் பருமனும் 13 மீட்டருக்குக் குறையாத நீளமும் உள்ளதாக இருக்கட்டும். மெல்லிய கயிறு கப்பியில் நன்றாக ஓடும், கையை அறுக்கும். தடித்தது கைக்கு இதம், கப்பியில் மடங்க மறுக்கும். கம்பத்தைப் படகுக்குக் குறுக்காக முழுவதும் வெளியே தள்ளிப் பார்த்து, அப்போதும் கையருகே கொஞ்சம் கயிறு மிஞ்சுகிறதா என்று சரிபாருங்கள். கயிற்றின் கடைசி முனையில் எட்டு வடிவ முடிச்சு ஒன்று போட்டால், கை நழுவினாலும் கயிறு கப்பியை விட்டு உருவிக்கொண்டு போகாது. அந்த முடிச்சு முனையில்தான் இருக்க வேண்டும். நடுவில் தற்செயலாக விழுந்த முடிச்சோ முறுக்கோ கப்பியில் சிக்கினால், கிளீட் இல்லாமலே கிளீட் போட்ட கதையாகிவிடும். அதனால் கிளம்புமுன் கயிறு முழுவதையும் ஒருமுறை உருவிவிட்டுத் தளத்தில் தளர்வாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.

கரைக்குத் திரும்பியதும் கப்பிகளை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கடல்நீர் காய்ந்தால் உப்புப் படிகம் குண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்துவிடும். 5 பங்கு உராய்வை 15 ஆக்குவதற்கு அது போதும்.

படகு இல்லாதவர்கள் இரண்டு கம்பு, ஒரு கயிறு, சில திரைச்சீலைக் கப்பிகள், ஒரு சுருள்வில் தராசு வைத்துக்கொண்டு இந்த ஏற்பாட்டை வராந்தாவிலேயே செய்து பார்க்கலாம். செய்பவர்களுக்கு ஒரு கேள்வி. கயிற்றின் முனையை நுனிக்கப்பியின் வளையத்தில் கட்டாமல் ஓடுகப்பியிலேயே கட்டிவிட்டு, அங்கிருந்து நுனிக்கப்பிக்கு ஏற்றி, பிறகு பழைய பாதையிலேயே முன்னே கொண்டுபோனால் இயந்திர லாபம் எவ்வளவாகும்? தாண்ட வேண்டிய கப்பிகளில் ஒன்று குறைவதால், 15 பங்கு உராய்வில் கைக்குச் செய்தி வராத இடைவெளி எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை இருக்கும்? மெல்லிய காற்றில் இந்த ஏற்பாடு மேலா, பழையதா? கணக்கைப் போட்டுவிட்டுத் தராசைப் பாருங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் கயிற்றை இழுக்கும்போது ஓர் அளவும் விடும்போது ஓர் அளவும் எடுத்தீர்களா என்று முதலில் சரிபாருங்கள்.